இருபத்துநாலு வீடும் திரும்பிய சித்திரை

சித்திரை பிறந்த இரண்டாம் நாள் காலையில், ஆவரங்குளத்துப் பருப்பு மில் பெண்கள் சங்கமாகச் சேர்ந்து கட்டிய மூன்று மாடிக் கட்டடம், நின்ற இடத்திலேயே ஒரு சாண் திரும்பிக்கொண்டது. அதை முதலில் கண்டவள் சங்கத் தலைவி பவுன்தாய். அவளும் பெரிதாக ஒன்றும் கண்டுவிடவில்லை; அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, இத்தனை நாளும் சமையலறைச் சன்னலின் நடுக்கம்பிக்கு நேராக நின்ற மில் புகைபோக்கி அன்றைக்கு ஓரக்கம்பிக்குப் போயிருந்தது, அவ்வளவுதான். நகர்ந்தது புகைபோக்கியா சன்னலா என்று ஒரு நிமிசம் யோசித்தாள். புகைபோக்கிக்கு நகர வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது, அது மில்லுக்குச் சொந்தம், மில்லுக்கு ஒரு குறையும் இல்லை. வீடு என்றால் அதற்கு ஆயிரம் மனக்குறை இருக்கும் என்று முடிவுக்கு வந்து, எட்டுத் தோசையையும் சுட்டு அடுக்கி மூடிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கீழே இறங்கிவந்து கோமதிநாயகியின் கதவைத் தட்டினாள்.

"எஞ்சினியரம்மா, வீடு திரும்பிருச்சு."

"யாரு திரும்பினது?"

"வீடும்மா. நம்ம வீடு. ஒரு சாண் இருக்கும். நீங்க அளந்து பாத்துக்கோங்க, எனக்கு மில்லுல சங்கு ஊதிரும்."

கோமதிநாயகி அளந்து பார்த்தாள். ஒரு சாணும் நாலு விரலும் இருந்தது. சுவரில் கீறல் இல்லை, தரையில் வெடிப்பு இல்லை, வாசலில் போட்ட கோலம்கூடக் கலையாமல் கட்டடத்தோடு சேர்ந்து திரும்பியிருந்தது. சேற்றில் குதிகாலை ஊன்றித் திரும்புகிற மனுசன் மாதிரி, பூமிக்கு நோகாமல் திரும்பியிருந்தது. கட்டடம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது, ஏனென்றால் அது எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் அவள்தான்.

அந்தக் கட்டடம் சாதாரணக் கட்டடம் இல்லை. பெரிய கம்பெனிகளுக்குக் கண்ணாடி மாளிகைகளாகப் பத்து வருசம் கட்டிக்கொடுத்து, உள்ளே உட்காருகிறவர்களைக் குளிர்விப்பதற்காக ஊரையே சூடாக்குகிறோம் என்று ஒருநாள் மனசு வெறுத்து வேலையை விட்ட கோமதிநாயகி, தன் முப்பத்தாறாவது வயசில், பவுன்தாயின் சங்கத்துக்காக வரைந்த முதல் கட்டடம் அது. செம்மண்ணை இயந்திரத்தில் அழுத்திச் சுடாமல் எடுத்த கல், சுண்ணாம்புப் பூச்சு, கம்பிக்கும் சிமெண்டுக்கும் நடுவே மண்சட்டிகளைக் கவிழ்த்துப் போட்ட கூரை, நடுவில் சூட்டை மேலே இழுத்துவிடுகிற காற்றுக் கூண்டு, அடியில் மழைநீர்த் தொட்டி. எல்லாவற்றுக்கும் மேலே, சன்னல்கள். வடக்கேயும் தெற்கேயும் வாய் திறந்து காற்றைக் குடிக்கிற பெரிய சன்னல்கள். கிழக்கேயும் மேற்கேயும் வெயில் முட்டிப் பார்த்துவிட்டுத் தோற்றுப்போகிற மாதிரி ஒடுங்கிய குருட்டுச் சுவர். ஏசி வேண்டாம், கூலர் வேண்டாம், மின்விசிறியே பாதி நாள் சும்மா கிடக்கும் என்று சங்கக் கூட்டத்தில் அவள் சொன்னபோது பெண்கள் கைதட்டினார்கள்.

மனை அளந்து முளை அடித்த அன்றைக்கு அவளுக்குக் கடுங்காய்ச்சல். வரைபடத்தைக் கால் பங்கு திருப்பிப் பிடித்துக்கொண்டு அளவு சொல்லிவிட்டாள். மேல்கூரை போடும்போதுதான் தெரிந்தது: வடக்கைப் பார்க்க வேண்டிய பெரிய சன்னல்கள் அத்தனையும் மேற்கைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றன. அன்றைக்கு யாரிடமாவது சொல்லியிருக்கலாம். இருபத்துநாலு பெண்கள் ஆளுக்கு ஒரு கல் பதித்த சுவரைப் பார்த்து நாக்கு எழவில்லை. பால் காய்ச்சுகிற அன்றைக்குச் சொல்லலாம் என்றிருந்தாள். பால் பொங்கியது, எல்லோரும் குலவை போட்டார்கள், சொல்லவில்லை. அவளும் கீழ்த்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடிவந்தாள். முதல் கோடை வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வெயில் நேரே வீட்டுக்குள் நடந்துவந்து கட்டிலில் படுத்துக்கொண்டது. பவுன்தாயின் புருசன் உடம்பெல்லாம் வேர்க்குரு வெடித்து ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு கிடந்தார். "பச்சைக் கட்டடம்னு சொன்னாங்க, பச்சையா இருக்கிற நம்மள வேகவைக்கிற கட்டடம்னு யாரு கண்டா" என்று மாடிப்படியில் யாரோ சொல்லிச் சிரித்ததைக் கோமதிநாயகி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். எரிச்சலில்லாத சிரிப்பு, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இப்போது இரண்டாவது கோடையின் வாசலில், கட்டடம் தானாகவே திரும்பத் தொடங்கியிருந்தது.

முதல் நாள் ஒரு சாண், இரண்டாம் நாள் ஒரு முழம், அப்புறம் தினமும் விடிகிற நேரத்தில் ஒன்றரை முழம், இரண்டு முழம். தண்ணீர்க் குழாய் மூன்றாம் நாளே இழுத்துக்கொண்டு உடைந்தது. குழாய் ரிப்பேர் பார்க்கிற அந்தோணி வந்தான், கட்டடத்தை ஒருமுறை சுற்றிவந்தான், "இது நிக்குற மாடு இல்ல, மேயிற மாடு, கயிறு நீளமா விடணும்" என்று சொல்லிவிட்டு, ரப்பர் குழாயைப் பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருள் சுருளாகச் சுற்றி மாட்டினான். அதன்பிறகு கட்டடம் திரும்பத் திரும்பக் குழாய் நீண்டு கொடுத்தது. மின்சார வயரைக் காற்றுக் கூண்டின் உச்சியில் ஒரு கம்பம் நட்டு நடுமையத்தில் இறக்கினார்கள். மாடியில் இருந்த சூரியத் தகடுகள் வெயிலை விட்டு விலகிப்போனபோது, இரண்டாவது மாடிப் பெண்கள் அதைப் பழைய சைக்கிள் சக்கரத்தின் மேல் ஏற்றிவைத்து, துணி காயப்போடப் போகிறவர்கள் போகிறபோது ஒரு தள்ளு, வருகிறபோது ஒரு தள்ளு என்று வெயிலைப் பார்த்துத் திருப்பிவிட்டார்கள். முன்னைவிட அதிகமாக மின்சாரம் வந்தது.

ஊர் அதைவிடச் சுலபமாகப் பழகிக்கொண்டது. தபால்காரர் வாசல் எங்கே என்று தேடி இரண்டு நாள் அலைந்தார், மூன்றாம் நாளிலிருந்து கட்டடத்தைச் சுற்றிவருவதைக் கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி வழக்கமாக்கிக்கொண்டு, "சர்க்கரை குறைஞ்சிருக்குன்னு டாக்டரே சொல்லிட்டார்" என்றார். எதிர்த்த டீக்கடைக்காரர் பெஞ்சை வாசலோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே வந்து ஒரு வாரத்தில் முனிசிபல் ரோட்டுக்கே வந்துவிட்டார். வாஸ்து பார்க்கிறவர் ஒருவர் வந்து, இந்த மூலை ஆகாது என்று கையை நீட்டினார். ஒரு வாரம் கழித்துப் பரிகாரச் சாமான்களோடு வந்தபோது அந்த மூலை வேறு மூலையாகிவிட்டிருந்தது. பையை மடக்கிக்கொண்டு போனவர் அப்புறம் வரவே இல்லை. முதல் மாடியில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் நடந்தபோது மாப்பிள்ளை வீட்டார் மேற்கு வாசல் வழியாக வந்தார்கள், பத்து நாள் கழித்துச் சேலை கொடுக்க வந்தபோது வாசல் வடமேற்கே போயிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சம்பந்தியைத் தனியே கூப்பிட்டு, "பொண்ணும் இப்படித்தான் அடிக்கடி திரும்பிக்கிடுமோ?" என்று கேட்டார். "வெயில் அடிச்சா திரும்பும்" என்றார் சம்பந்தி. நியாயமான பதில் என்று ஒத்துக்கொண்டு தட்டை மாற்றினார்கள்.

வெளியூர் நிபுணர்களும் வந்தார்கள். கரிசல் மண் ஈரத்துக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அதுதான் என்றார் ஒருவர். அப்படியென்றால் சுவர் கீறாதா என்று பவுன்தாய் கேட்டதும், அவர் சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினார். ஏன் என்று கேட்பதை ஊர் அத்தோடு விட்டுவிட்டது. ஏனென்றால் வீடு குளிர்ந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு பங்கு வெயில் வெளியே போனது, ஒரு பங்கு காற்று உள்ளே வந்தது. பவுன்தாயின் புருசன் சட்டை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். கூலர்களைத் துடைத்துப் பரணில் ஏற்றினார்கள். கோமதிநாயகி தினமும் காலையில் அளவெடுத்துத் தன் நோட்டில் எழுதினாள். எழுதும்போது, தான் செய்த தப்பை வேறொருவர் சத்தமில்லாமல் அழித்துக்கொண்டு வருகிற மாதிரி, அவளுக்கு நன்றியும் வெட்கமும் ஒன்றாக வந்தது.

சித்திரை இருபதாம் தேதி நகர அலுவலகத்திலிருந்து உதவிப் பொறியாளர் இசக்கிராஜா ஒரு திசைகாட்டியோடு வந்தார். கெட்ட மனுசன் இல்லை. சட்டத்தை நம்புகிறவர், குடை பிடிப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறவர், அதனால் வருசா வருசம் கோடையில் கழுத்தில் கட்டி வந்து தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்ந்து திரும்புகிறவர். திசைகாட்டியை வைத்துப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார்.

"மேடம், அனுமதி வாங்கின வரைபடத்துல வடக்கு பார்த்த கட்டடம். இது இப்போ வடமேற்கைப் பார்க்குது."

"திரும்பிக்கிட்டு இருக்கு சார். இன்னும் பதினஞ்சு, பதினாறு நாள்ல சரியா வடக்குக்கு வந்துரும்."

"வந்து நிக்குமா?"

"அது தெரியாது சார்."

இசக்கிராஜா உடம்போடு திரும்பி அவளைப் பார்த்தார். "ஒரு கட்டடத்துக்கு ஒரு திசைதான் மேடம். இன்னைக்கு வடக்கு, நாளைக்கு கிழக்குன்னா தீயணைப்பு வண்டி எந்த வாசலுக்குப் போகும்? வரைபடத்தோட பொருந்துற அன்னைக்கு நாலு மூலையிலயும் கான்கிரீட் முளை அடிச்சு நிறுத்திருவோம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

கோமதிநாயகி சரி என்றாள். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான், தான் எவ்வளவு வேகமாகச் சரி என்றோம் என்பது அவளுக்கு உறைத்தது. வடக்கில் நிறுத்திவிட்டால் தப்பு என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாமல் போய்விடும். அன்றைக்கே உட்கார்ந்து அந்த நாலு முளைக்கும் அவளே வரைபடம் போட்டாள். ஆழம், அகலம், கம்பிக் கணக்கு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பல மாதத்துக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டாள்.

வைகாசி ஐந்தாம் தேதி, அக்கினி நட்சத்திரத்தின் நடுவயிற்றில், கட்டடம் நூல் பிடித்த மாதிரி வடக்கே பார்த்து நின்றது. கான்கிரீட் கலக்குகிற வண்டி வந்தது. மண்வெட்டியும் கடப்பாரையுமாகச் சுடலைமணி என்கிற மேஸ்திரியின் பின்னால் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, மில் லீவு, இருபத்துநாலு வீட்டுக்காரர்களும் கீழே கூடிவிட்டார்கள். சிலருக்கு வீட்டைக் கட்டிப்போடுவதில் மனசில்லை. சிலருக்கு, குளிர்ந்த இடத்திலேயே நின்றால் நல்லதுதானே என்று தோன்றியது. இசக்கிராஜா காகிதத்தை நீட்டினார்.

"இங்க ஒரு கையெழுத்து மேடம். 'மேற்படி கட்டடம் கட்டிய நாள் முதல் அனுமதித்த திசையிலேயே உள்ளது; தற்காலிக அசைவு நிறுத்தப்பட்டது.' அவ்வளவுதான்."

அவள் பேனாவை வாங்கினாள். "கட்டிய நாள் முதல்" என்ற மூன்று வார்த்தைகளை மறுபடியும் படித்தாள். பிறகு பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தாள்.

"இது பொய் சார்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "கட்டின நாள்ல இருந்து இது மேற்கைத்தான் பார்த்துச்சு. தப்பு என்னோடது. முளை அடிக்கிற அன்னைக்கு நான் வரைபடத்தைத் திருப்பிப் பிடிச்சுட்டேன். கூரை போடும்போது தெரிஞ்சுச்சு. யார்கிட்டயும் சொல்லல. போன கோடையில நீங்க எல்லாரும் வெந்தது என்னால."

கான்கிரீட் வண்டி மட்டும் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பவுன்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தெரிஞ்சா இருந்துச்சு உனக்கு?" அதுவரை எஞ்சினியரம்மா, நீங்க என்று கூப்பிட்ட வாய். "எம் புருசன் ஈரத்துணியில கெடந்தாரே, வந்து பாத்தியே, ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டு வந்தியே, அன்னைக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"மண்ணு வீட்டு ராசி இதுன்னு நாங்க மண்ணையில்ல வைஞ்சுக்கிட்டு இருந்தோம்! மண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

பவுன்தாய் திரும்பிப் படியேறிப் போய்விட்டாள். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். இசக்கிராஜா காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "வார்த்தையை மாத்தி எழுதிக்கலாம் மேடம். ஆனா முளை அடிச்சுத்தான் ஆகணும்" என்று சொன்னவர், அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

அன்றைக்குக் காலையிலேயே மேற்குப் பக்கத்து இரண்டு மூலைகளிலும் குழி தோண்டினார்கள். மத்தியானத்துக்கு மேல் சுடலைமணியின் ஆட்கள் கிழக்குப் பக்கத்துக்குப் போனார்கள். அந்தப் பக்கத்தில் ஒடுங்கிய சுவரின் நிழல் ஒரு பாய் அளவுக்குத்தான் விழுந்தது. குழி தோண்ட வேண்டிய இடமோ வெட்டவெளி. கடப்பாரையைத் தொட்டால் கை சுட்டது. ஒருத்தர் தலையைச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று மண்மேட்டில் உட்கார்ந்தார். சட்டமும் திசைகாட்டியும் கையில் இருந்த இசக்கிராஜாவும் குடையில்லாமல் அதே வெயிலில்தான் நின்றார், ஆட்களை வெயிலில் விட்டுவிட்டுத் தான் மட்டும் நிழலுக்குப் போகக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம்.

அப்போதுதான் கட்டடம் திரும்பியது. இத்தனை நாளும் யாரும் பார்க்காத விடியலில் முழம் முழமாகத் திரும்பியது, இப்போது பட்டப்பகலில், பதினாலு பேர் கண் முன்னால், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புகிற அம்மாவைப் போல அவசரப்படாமல், கால் மணி நேரத்தில் கால் வட்டம் திரும்பியது. காற்றைக் குடிக்கிற பெரிய சன்னல்களை எல்லாம் கொண்டுபோய் மேற்கு வெயிலின் வாயில் கொடுத்தது. அகன்ற நெஞ்சு வெயிலை வாங்க, அகன்ற நிழல் கிழக்கே நீண்டு, தன்னைக் கட்டிப்போடக் குழி வெட்டவந்த அத்தனை பேர் மேலும், கான்கிரீட் வண்டி மேலும், இசக்கிராஜாவின் கட்டி வந்த கழுத்தின் மேலும், நனைந்த வேட்டியைப் போல விழுந்தது.

சுடலைமணி கடப்பாரையைக் கீழே போட்டார்.

இருபத்துநாலு வீட்டுக்குள்ளும் போன வருசத்து வெயில் மறுபடியும் நடந்துவந்து கட்டிலில் ஏறியது. கோமதிநாயகி தன் வீட்டில் சுவரோடு சாய்ந்து, இப்போது கத்தப்போகிறார்கள், இப்போது கத்தப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். கத்தல் வரவில்லை. சன்னல் கதவுகள் வரிசையாகச் சாத்தப்படுகிற சத்தம் கேட்டது, அப்புறம் படியில் பாத்திரம் இடிபடுகிற சத்தம். வெளியே வந்து பார்த்தாள். பவுன்தாய் ஒரு குடம் நீர்மோரைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தாள், பின்னால் அவள் புருசன், அவருக்குப் பின்னால் சொம்புகளோடு இரண்டாவது மாடியும் முதல் மாடியும்.

"வீட்டுக்குள்ள கொதிக்குதே அக்கா" என்றாள் ஒருத்தி.

"கொதிக்கட்டும். அதுவே நெஞ்சைக் காட்டிக்கிட்டு நிக்குது, நமக்கென்ன" என்றாள் பவுன்தாய். கோமதிநாயகியைத் தாண்டிப் போனவள், நின்றாள், முகத்தைப் பார்க்காமலேயே ஒரு சொம்பை அவள் கையில் திணித்தாள். "ஊத்து. உனக்கும் கை இருக்குல்ல."

எல்லோரும் நிழலில் உட்கார்ந்தார்கள். குழி வெட்ட வந்தவர்களும் வீட்டுக்காரர்களும் ஒரே பந்தியாக மோர் குடித்தார்கள். இசக்கிராஜா மூன்று சொம்பு குடித்தார். நாலாவது சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, காலையில் தோண்டிய இரண்டு குழிகளையும் பார்த்தார்; அவை எந்த மூலைக்காகத் தோண்டப்பட்டனவோ அந்த மூலைகள் அங்கே இல்லை, வெறும் தரையில் இரண்டு குழிகள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சார், மிச்சம் ரெண்டு எந்த இடத்துல வெட்டணும்?" என்று சுடலைமணி கேட்டார். "வெட்டச் சொன்னா வெட்டுறோம். ஆனா எனக்கு ஒரு நாள் கூலியும் வேணாம், இந்த வேலையும் வேணாம்."

இசக்கிராஜா பையிலிருந்து காகிதத்தை எடுத்து, மடிப்புப் பிரித்து, முழங்காலில் வைத்து யோசித்தார். பிறகு எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார், எழுதியதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்: "மேற்படி கட்டடம் உறுதியாக உள்ளது. திசை தவறு என்று பொறியாளரே ஒப்புக்கொண்டார். தவறைக் கட்டடம் திருத்திக்கொண்டது. தீயணைப்பு வண்டிக்காகச் சுற்றிலும் பாதை விட வேண்டும். மேல் நடவடிக்கை தேவையில்லை." கையெழுத்துப் போட்டுவிட்டு, தலையை மட்டும் நிமிர்த்திக் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தார், கழுத்து வலிக்கவில்லை என்பது அப்புறம்தான் அவருக்கே தெரிந்தது. வீணாகப் போகவிருந்த கான்கிரீட்டைக் கொண்டு அன்றைக்கே கட்டடத்தைச் சுற்றி வண்டிப் பாதைக்குக் கரை கட்டினார்கள். இரண்டு குழிகளிலும் கல்லும் மணலும் போட்டு மழைத்தண்ணீர் இறங்குகிற மாதிரி விட்டுவிட்டார்கள். ஆட்கள் போன பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில், கட்டடம் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி காற்றுக் கூண்டு வழியாகச் சூட்டை வெளியே தள்ளிவிட்டு, வடக்கே திரும்பிக்கொண்டது.

பவுன்தாய் பதினோரு நாள் கோமதிநாயகியிடம் பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள், சிலர் நேராகவே திட்டினார்கள், திட்டியவர்கள் அடுத்த நாளே குழம்பு கொடுத்தனுப்பினார்கள். எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் கோமதிநாயகி வாங்கிக்கொண்டாள், திட்டையும் குழம்பையும். அந்த நாட்களில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. பவுன்தாயின் பின்னால் கோமதிநாயகிக்குத் தெரியாத பெண்கள் ஏழெட்டுப் பேர், தலையில் இன்னும் மிளகாய் நெடி போகாமல் நின்றார்கள்.

"இவங்க வத்தல் கிட்டங்கியில மூட்டை தூக்குற பொம்பளைங்க. எழுபது பேரு சங்கம் சேர்ந்திருக்காங்க. இதே மாதிரி கட்டணுமாம்" என்றாள் பவுன்தாய்.

வந்தவர்களில் மூத்தவள் முன்னால் வந்தாள். "எந்த மண்ணும்மா? எத்தனை பங்கு சுண்ணாம்பு? எதைப் போட்டா திரும்புது?"

கோமதிநாயகிக்கு உண்மையைத் தவிர வேறு எதுவும் கைவசம் இல்லை. "மண் கல் செய்யத் தெரியும், காத்து வர்ற மாதிரி கட்டத் தெரியும். இது எதனால திரும்புதுன்னு எனக்குத் தெரியாதும்மா. கட்டுறது திரும்பும்னு என்னால சொல்ல முடியாது."

மிளகாய்ப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பவுன்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"தெரியாததைத் தெரியாதுன்னு இப்ப சொல்ல வருதுல்ல?"

"வருது."

"அப்ப கெளம்பு கோமதி, மனையைப் பாத்துட்டு வந்துருவோம்."

"திரும்பலேன்னா?" என்று கேட்டாள் கோமதிநாயகி, செருப்பைத் தேடிக்கொண்டே.

பதில் சொன்னது மூத்தவள். மிளகாய் மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய தோளை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"நாங்க எழுபது பேரு இருக்கோம்ல. தள்ளிக்கிடுவோம்."